குட்டியானையா, தோஸ்தா, இன்ட்ராவா, பொலிரோவா? லோடு வண்டி எடுப்பதற்கு முன்

லோடு வண்டி எடுக்கப் போகிறவர்கள் இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். ஒருவர், "அப்பா காலத்திலிருந்து மகிந்திராதான் ஓடுகிறது. இப்போது டாடா இன்ட்ரா எடு என்கிறார்கள். மாறலாமா?" என்கிறார். இன்னொருவர், "இதுதான் முதல் வண்டி. ஸ்டாண்டில் ஆளுக்கொரு கம்பெனி சொல்கிறார்கள். யாரை நம்புவது?" என்கிறார். முன்னவருக்குத் தன் கம்பெனிப் பாசத்தை விடலாமா என்று கவலை. பின்னவருக்கு அடுத்தவர் பாசத்தை நம்பலாமா என்று குழப்பம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனிப் பாசத்துக்கு உண்மையிலேயே பண மதிப்பு உண்டு. விஷயம் தெரியாதவர்கள் பிடிக்கும் பிடிவாதம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் உங்கள் லோடும் ரோடும் என்ன என்று முடிவான பிறகுதான் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். வரிசையை மாற்றினால், டியூ கட்டி முடிக்கும் வரை அதன் வலி இருக்கும்.

இது தமிழ்நாட்டில் ஒன்றிரண்டு வண்டி வைத்து, தானே ஓட்டியோ ஒரு டிரைவர் போட்டோ தொழில் செய்பவர்களுக்கான ஒப்பீடு. இரண்டு டன் வரை ஏற்றும் வண்டிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

லோடு. வருடத்தில் நாலு நாள் ஏறும் பெரிய லோடை மறந்துவிடுங்கள். சாதாரண நாளில் எவ்வளவு ஏறுகிறது என்பதே கணக்கு. 20 லிட்டர் தண்ணீர் கேன் 35 ஏற்றினாலே 700 கிலோவைத் தாண்டும். தக்காளிப் பெட்டி ஒன்று 15 கிலோ என்றால் 80 பெட்டிக்கு 1,200 கிலோ. பஞ்சு மெத்தை, பேப்பர் கப், பிளாஸ்டிக் நாற்காலி ஏற்றுகிறவருக்கு எடை பிரச்சினையே இல்லை, பாடியின் நீளம்தான் பிரச்சினை.

இதில் பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு. பின்னால் மூடிய பாடி கட்டினால் அந்த இரும்பின் எடை உங்கள் பாரத்திலிருந்துதான் கழியும். ஷோரூமில் சொன்ன 1,300 கிலோ, பாடி கட்டிய பிறகு 1,300 கிலோவாக இருக்காது. ஓவர்லோடில் பிடிபட்டால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவுப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி.

3,000 கிலோ கோடு. இது வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை. ஆர்.சி.யில் இருக்கும். 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்று சட்டத்தின் 66-ஆவது பிரிவே விலக்கு தருகிறது. தாண்டினால் பெர்மிட், அதன் புதுப்பிப்பு, அதற்கான அலைச்சல் எல்லாம் வரும். ஒரே பெயரில் விற்கும் வண்டியில் ஒரு மாடல் கோட்டுக்கு உள்ளேயும் அடுத்தது வெளியேயும் இருக்கும் என்பதால், பெயரை வைத்து முடிவு செய்யாமல் எண்ணைக் கேளுங்கள்.

ரோடு. டவுன் சந்துகளா, பைபாஸா, மலையா? மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு லோடோடு ஏறும் வண்டிக்கும், கோயம்பேட்டிலிருந்து வடபழனிக் கடைகளுக்குக் காய் போடும் வண்டிக்கும் வேலை வேறு.

ஓடாத நாள். எல்லோரும் மைலேஜைக் கேட்கிறார்கள், நின்றுபோகும் நாளைக் கேட்பதில்லை. ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டம். ஒரு வண்டி லிட்டருக்கு 15, இன்னொன்று 13 கொடுக்கிறது. முதலாவதுக்கு 200 லிட்டர், இரண்டாவதுக்கு சுமார் 231 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் மாதம் 2,800 ரூபாய்க்குச் சற்று மேல். சரி, இப்போது ஒரு சென்சார் போய், ஸ்பேர் வர ஐந்து நாள் வண்டி ஷெட்டில் நிற்கிறது. செலவு போக நாளுக்கு 1,500 ரூபாய் கையில் நிற்கும் ஆளுக்கு 7,500 ரூபாய் போயிற்று. இரண்டரை மாத மைலேஜ் லாபம் ஒரே வாரத்தில் காலி. வாடிக்கையாகக் கூப்பிடும் கடைக்காரர் அந்த ஐந்து நாளில் வேறு வண்டிக்குப் பழகிவிட்டால் அந்த நஷ்டத்துக்குக் கணக்கே இல்லை.

மறுவிற்பனை. உங்கள் ஊரில் எந்த வண்டி சீக்கிரம் விலை போகிறது என்பது ஷோரூமுக்குத் தெரியாது, செகண்ட்ஸ் புரோக்கருக்குத் தெரியும்.

எந்த வண்டி எடுத்தாலும் மாறாத செலவுகளும் உண்டு. சரக்கு வண்டிக்கான மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் மொத்த எடை 7,500 கிலோ வரை ஒரே கட்டணத் தட்டுதான். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), அதற்குப் பிறகு வருடா வருடம். லைசென்ஸ் பயமும் இப்போது வேண்டாம். கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குப் போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

## ஒரு பார்வையில்

| வண்டி | இன்ஜின் | ஏற்றும் பாரம் | பாடி நீளம் | 3,000 கிலோ கோடு |
|---|---|---|---|---|
| டாடா ஏஸ் (குட்டியானை) வகை | சிறிய பெட்ரோல், டீசல், சி.என்.ஜி., மின்சாரம் | முக்கால் டன் அளவு | சுமார் 7 அடி | உள்ளே |
| மாருதி சூப்பர் கேரி | 1.2 லிட்டர் பெட்ரோல், சி.என்.ஜி. | 740 கிலோ, சி.என்.ஜி. என்றால் 625 | சுமார் 7 அடி | உள்ளே |
| லேலண்ட் தோஸ்த் | 1,478 சிசி டீசல், 3 சிலிண்டர் | ஒன்றேகால் டன் அளவு | சுமார் 8 அடி | உள்ளே |
| டாடா இன்ட்ரா வி30 | 1,496 சிசி டீசல் | 1,300 கிலோ | 9 அடிக்குச் சற்றுக் குறைவு | உள்ளே |
| மகிந்திரா பொலிரோ பிக்கப் | 2,523 சிசி டீசல், 4 சிலிண்டர் | 1.3 முதல் 2 டன் | 8 முதல் 10 அடி | மாடலைப் பொறுத்தது |

## டாடா ஏஸ், கூடவே சூப்பர் கேரி

ஏஸ் 2005-இல் 702 சிசி இரண்டு சிலிண்டர் டீசலோடு வந்தது. அதுவரை மூன்று சக்கர வண்டியில் சரக்கு ஓட்டியவர்களுக்கு நாலு சக்கரமும் முழு கேபினும் கிடைத்தன. முதல் வண்டியாக ஏஸ் வாங்கிப் பிழைப்பைத் தொடங்கிய குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. டாடா பாசத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

சந்து பொந்தில் திரும்பும், தெருவோரம் நிற்கும், தாழ்வான பாடி என்பதால் ஒரே ஆள் ஏற்றி இறக்கலாம். ஒரு நாளில் பத்துக் கடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு இல்லை. 2025-இல் வந்த ஏஸ் புரோ 750 கிலோ ஏற்றும், பெட்ரோல், சி.என்.ஜி., மின்சாரம் மூன்றிலும் கிடைக்கிறது.

இதில் மறைந்திருக்கும் செலவு, ஆசை. முக்கால் டன் வண்டியில் ஒன்றேகால் டன் ஏற்றலாம் என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். ஏறும், ஓடவும் ஓடும். பிறகு 12 அங்குலச் சின்ன டயர், கிளட்ச், வீல் பேரிங் என்று ஒவ்வொன்றாகப் பில் வரும். தினமும் ஒரு டன்னுக்கு மேல் லோடு இருக்கிறவர் விலை குறைவு என்று இதை எடுக்கவே கூடாது.

சூப்பர் கேரியில் இருப்பது கார் வகை நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஓட்டச் சத்தமில்லாமல் சுகமாக இருக்கும், எந்த ஊரிலும் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். சி.என்.ஜி. எடுத்தால் 115 கிலோ பாரம் குறைகிறது என்பதைக் கவனியுங்கள். நாளுக்கு நாலு நடை அடிக்கிறவருக்கு அது கிட்டத்தட்ட அரை டன். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனையும் செய்தாக வேண்டும். வழக்கமாகப் போகும் பாதையில் பங்க் இருந்து, வரிசையில் நிற்கும் நேரம் உங்களுக்கு இருந்தால் சி.என்.ஜி. லாபம். இல்லாவிட்டால் மிச்சமாகும் காசு காத்திருப்பதிலேயே போய்விடும்.

## அசோக் லேலண்ட் தோஸ்த்

ஓசூரில் 2011-இல் நிசானோடு கூட்டாகத் தயாரிக்கத் தொடங்கிய வண்டி. 2016-இல் நிசானின் பங்கை லேலண்ட் வாங்கிக்கொண்டது. நாமக்கல், சங்ககிரி பக்கம் லேலண்ட் லாரி ஓட்டிய வீடுகளில், பையன் எடுக்கும் சின்ன வண்டியும் லேலண்டாகவே இருக்க வேண்டும் என்பார்கள். நம்ம ஊர்க் கம்பெனி என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் லாரி இன்ஜினுக்கும் தோஸ்த் இன்ஜினுக்கும் சம்பந்தம் கிடையாது. லாரி மெக்கானிக்கிடம் இருக்கும் கைத்திறனோ ஸ்பேரோ இந்த மூன்று சிலிண்டருக்கு அப்படியே உதவாது. லாரிப் பாசத்தை வைத்து தோஸ்த் எடுக்காதீர்கள். தோஸ்த்தை வைத்தே தோஸ்த் எடுக்கலாம், அதற்கு அந்தத் தகுதி இருக்கிறது.

ஒன்றேகால் டன் வரை காய்கறி, பால், மளிகை என்று 50, 60 கிலோமீட்டர் சுற்றுக்குள் ஓட இது கச்சிதமான அளவு. பைபாஸிலும் ஏஸ் போல மூச்சு வாங்காது.

இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சின்ன வேலைக்கும் சீட்டைத் தூக்க வேண்டும். மே மாத மதியத்தில் நாலு மணி நேரம் ஓட்டினால் தொடைக்கு அடியில் சூடு தெரியும். தானே ஓட்டுகிறவர்கள் இதை அற்ப விஷயமாக நினைக்கக் கூடாது. வெயில் நேரத்தில் லோடோடு ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

## டாடா இன்ட்ரா

ஏஸ் போதாது, பொலிரோ அளவுக்கும் வேண்டாம் என்கிறவர்களுக்காக 2019-இல் வந்தது. வி30 அதில் நடுத்தரம், வி50 ஒன்றரை டன் ஏற்றும். பவர் ஸ்டீயரிங், டாஷ்போர்டில் கியர், கார் போன்ற கேபின் எல்லாம் இருப்பதால் சம்பள டிரைவர்களுக்குப் பிடிக்கிறது. டிரைவர் நிலைப்பது பெரிய லாபம். மாதத்துக்கு ஒரு டிரைவர் மாறினால் கிளட்ச் பிளேட்டின் ஆயுள் பாதியாகிவிடும்.

ஏஸிலிருந்து மேலே போகிறவர் கம்பெனி மாறாமல் போகலாம் என்பது இதன் கவர்ச்சி. அங்கேதான் கவனம் வேண்டும். ஏஸுக்கு ஸ்பேர் வைத்திருக்கும் கடையில் இன்ட்ராவுக்கு இருக்கிறதா? ஏஸைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பவர் இன்ட்ராவில் கை வைப்பாரா? பெயர் ஒன்றுதான், வண்டி வேறு. டவுனை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்ட்ரா நல்ல தேர்வு. சர்வீஸ் சென்டர் 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர் என்றால் யோசியுங்கள்.

## மகிந்திரா பொலிரோ பிக்கப்

இந்தியாவில் அதிகம் விற்கும் பிக்கப் இதுதான். அதற்குக் காரணம் இருக்கிறது. முன்னால் பானெட் உள்ள வண்டி. நின்றபடியே திறந்து இன்ஜினைப் பார்க்கலாம், சூடு டிரைவர் மேல் வராது, மோதலில் காலுக்கு முன்னால் கொஞ்சம் இரும்பு இருக்கிறது. 2,523 சிசி டீசல் இன்ஜின் பொலிரோ டி.ஐ. ஜீப் காலத்திலிருந்து ஓடும் குடும்பம். அதன் அடிப்படை தெரியாத டீசல் மெக்கானிக் தமிழ்நாட்டில் இல்லை என்றே சொல்லலாம்.

ஒட்டன்சத்திரத்துக்கு மண் பாதை வழியாகத் தோட்டத்திலிருந்து நேரடியாகக் காய் எடுத்துவருகிறவர்கள், பொள்ளாச்சியில் தேங்காய், இளநீர் ஏற்றுகிறவர்கள், கொடைக்கானல், கோத்தகிரி ஏறுகிறவர்கள் இவர்களுக்கெல்லாம் நான் வேறு வண்டி சொல்ல மாட்டேன். லோடோடு ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுக்கும்போது பெரிய இன்ஜினின் இழுவை புரியும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? முதலில் விலை, அதனால் டியூ. அடுத்து 15 அங்குல டயர். அப்புறம், பெரிய மாடல்கள் 3,000 கிலோ கோட்டைத் தாண்டுவதால் பெர்மிட். நெரிசலான சந்தில் திருப்புவது பாடு. டவுனுக்குள் முக்கால் டன் மட்டுமே ஏற்றி ஓட்டினால், ஏற்றாத ஒரு டன்னுக்கும் சேர்த்து டியூவும் டீசலும் கட்டுகிறீர்கள். மகிந்திரா குடும்பத்துக்காரர்கள் வழுக்கும் இடம் இதுதான். தோட்டத் தொழிலை விட்டு டவுனில் சப்ளைக்கு வந்த பிறகும் பொலிரோவையே திரும்ப எடுப்பார்கள்.

மகிந்திராவை விடவும் மனமில்லை, பொலிரோவும் பெரிதாகத் தெரிகிறது என்றால் 2024-இல் வந்த வீரோவைப் பாருங்கள். 1.5 லிட்டர் டீசல், 1,600 கிலோ வரை பாரம். செகண்ட்ஸ் சந்தையில் அதற்கு இன்னும் விலை நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

## மற்றவை

ஒன்றேமுக்கால் டன் வரை தார் ரோட்டில் தூரம் ஓடுகிறவருக்கு லேலண்டின் படா தோஸ்த் பொலிரோவுக்கு நேர்ப் போட்டி. டாடாவின் யோதா 2.0 இரண்டு டன் ஏற்றும், பக்கத்தில் பழகிய மெக்கானிக் இருந்தால் மட்டும் எடுக்கலாம். இசுசு டி-மேக்ஸ் சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டியில் தயாராகிறது, உழைக்கும், ஆனால் சின்ன ஊரில் ஸ்பேருக்குக் காத்திருக்க வேண்டும். மின்சார ஏஸ், இரவில் சொந்த இடத்தில் சார்ஜ் போட வசதியும் ஒரே பாதையில் தினசரி ஓட்டமும் இருப்பவருக்கு.

## கம்பெனிப் பாசம்: எங்கே காசு, எங்கே நஷ்டம்

கம்பெனி மேல் பாசம் என்று நாம் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால், அதில் பாதிக்கு மேல் ஒரு மெக்கானிக் மேலும், ஒரு ஸ்பேர் கடை மேலும், ஊர்ச் சந்தை மேலும் உள்ள நம்பிக்கை. போன் செய்தால் ராத்திரி பத்து மணிக்கும் பாய்ண்டுக்கு வரும் மெக்கானிக் உங்களுக்கு இருந்து, அவர் ஒரு கம்பெனி வண்டியில்தான் கை தேர்ந்தவர் என்றால், அந்தப் பாசத்துக்கு மேலே போட்ட 7,500 ரூபாய்க் கணக்கே சாட்சி. அதை விட்டு லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதல் மைலேஜுக்காக ஓடாதீர்கள்.

நிதி நிறுவனத்திலும் பாசம் பேசும். ஊரில் நிறைய ஓடும் வண்டி என்றால் கடன் சுலபம், ஏனென்றால் நாளை பறிமுதல் செய்தாலும் விற்றுவிடலாம் என்று அவர்களுக்குத் தெரியும். ஒழுங்காக டியூ கட்டிய பழைய கணக்கு இருந்தால் அதைக் காட்டி வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். இதற்கு வண்டிக் கம்பெனி மாறாமல் இருக்க வேண்டிய அவசியம் இல்லை, நிதி நிறுவனம் மாறாமல் இருந்தால் போதும்.

பாசம் ஏமாற்றும் இடம் 2020 ஏப்ரல். அன்றிலிருந்து பி.எஸ். 6 என்ற புகை விதி. அதற்கு முந்தைய வண்டியைக் காதால் கேட்டே கோளாறு சொன்ன மெக்கானிக், இப்போது ஸ்கேனர் இல்லாமல் பாதி வேலையைத் தொட முடியாது. பத்து வருடம் பழைய டீசல் ஏஸ் ஓட்டிய அனுபவம் இன்றைய பெட்ரோல் ஏஸுக்குச் சாட்சி ஆகாது. இது எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும். ஆகவே உங்கள் மெக்கானிக்கிடம் "டாடா நல்லதா, மகிந்திரா நல்லதா" என்று கேட்காமல், "இந்த மாடலை எத்தனை பிரித்திருக்கிறீர்கள், ஸ்கேனர் இருக்கிறதா" என்று கேளுங்கள். அவர் தயங்கினால், கம்பெனி மாறினாலும் மாறாவிட்டாலும் நீங்கள் புது இடத்துக்குத்தான் போகப் போகிறீர்கள். அப்போது லோடுக்கு ஏற்ற வண்டியைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

மறுவிற்பனையில் பெயருக்கு மதிப்பு உண்டுதான். ஆனால் புரோக்கர் வண்டி பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பெயின்டையும் ஸ்டிக்கரையும் அவர் பார்ப்பதே இல்லை. கேபினுக்குப் பின்னால் குனிந்து சேஸிஸ் மேல் டார்ச் அடிப்பார், வெல்டிங் தடம் இருக்கிறதா என்று விரலால் தடவுவார். பிறகு பின் ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுவார். கம்பெனி கொடுத்ததைவிட ஒரு பட்டை கூடுதலாக இருந்தால் ஓவர்லோடு அடித்த வண்டி என்று முடிவு கட்டி, அங்கேயே விலையை இறக்குவார். எவ்வளவு பெயர் பெற்ற கம்பெனியானாலும் அந்த ஒரு பட்டை விலையைத் தின்றுவிடும். சின்ன வண்டி எடுத்து அதிகம் ஏற்றியவரைவிட, அளவான வண்டி எடுத்து அளவாக ஏற்றியவர்தான் விற்கும்போது சிரிப்பார்.

## பணம் கட்டுவதற்கு முன்

டீசல், பெட்ரோல், சி.என்.ஜி. சரக்கு வண்டிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கியதால், பழைய வண்டிக்கு அதற்கு முன் சொன்ன விலையை நம்பி எக்ஸ்சேஞ்ச் பேசாதீர்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரி, வரி உள்ள பொருளை விற்கிறவராக இருந்தால் வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாம். வரி இல்லாத காய்கறி மட்டும் விற்பவருக்கு அது கிடையாது. உங்கள் ஆடிட்டரிடம் முன்பே கேட்டு, பில்லை ஜி.எஸ்.டி. பதிவு உள்ள பெயரிலேயே போடச் சொல்லுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு வெறும் வண்டி தந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் லோடில் பாதியாவது ஏற்றி, நீங்கள் தினமும் போகும் பாதையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சேல்ஸ்மேன் மறுத்தால், அதே மாடல் வைத்திருக்கும் ஸ்டாண்டுக்காரர் ஒருவரோடு ஒரு நடை போய்வாருங்கள், டீக்கும் டீசலுக்கும் காசு கொடுங்கள்.

டிசம்பரில் பெரிய தள்ளுபடி சொல்வார்கள். ஆர்.சி.யில் தயாரான மாதமும் வருடமும் பதிவாகும். விற்கும் நாளில் புரோக்கர் அந்த வருடத்தைத்தான் எண்ணுவார். ஐந்தாறு வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால், அந்தத் தள்ளுபடி ஒரு வருட விலைச் சரிவை ஈடுகட்டுகிறதா என்று புரோக்கரிடம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஓட்டித் தேய்க்கும் வரை வைத்திருப்பவர் என்றால் டிசம்பரிலேயே எடுத்துக்கொள்ளலாம்.